பதினேழாம் பலகை

முகமூடியைக் கட்டிக்கொண்டால் எல்லோருக்கும் கண்கள் மட்டும்தான் மிச்சம், அதில் அவளுக்கு நல்ல கண்கள். வெள்ளை அங்கிக்குள் கழுத்தில்லை, காதில்லை, நரைத்த முடியில்லை. இந்தச் சமத்துவத்துக்காகத்தான் இருபத்தாறு வருஷமாக தூசி நுழையாத இந்த கிளீன் ரூமை நான் விரும்பினேனோ என்னவோ, ஆனால் இன்று அதுவும் என்னைக் கைவிட்டுவிட்டது, ஏனென்றால் எல்லாவற்றையும் மூடியபின் மிஞ்சுவது கண்கள்தான் என்றால் அவள் இன்னும் கூடுதலாக அவளாகிவிடுகிறாள். யார் யாரென்று தெரிவதற்காக மார்பில் நாடா ஒட்டிப் பெயர் எழுதிக்கொள்கிறோம். சுகிர்தா. பக்கத்தில் நான், சௌந்தரம். பெஞ்சில் உட்கார்ந்து கால் உறையை மாட்டப் பார்க்கிறேன், முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அவள் நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலில் நின்று மாட்டி முடித்துவிட்டாள். "எக்கா, பிடிக்கட்டா?" என்கிறாள். வேண்டாம். வேண்டாம் என்று சொன்ன குரலில் இருந்த முள் முகமூடிக்குள்ளேயே தங்கிவிட்டது, என் காப்பி வாசனையோடு சேர்ந்து எனக்கே திரும்பி வருகிறது. எதிர்ப் பெஞ்சில் காஜா பாய், இயந்திரம் நகர்த்துகிறவர்களின் மேஸ்திரி, ராயபுரத்துக்காரர், கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு, "இன்னா மேடம் இது, மீசைக்கும் முகமூடியா? என் பொண்டாட்டி பாத்தா ஆஸ்பத்திரில இட்டுனு போய் சேத்துடுவா" என்கிறார். "மீசையிலதான் பாய் தூசி ஜாஸ்தி. நீங்க ஒருக்கா தும்முனா எங்களுக்கு ஒரு வாரம் வேலை போச்சு" என்கிறாள் சுகிர்தா. எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே மீசையை உள்ளே தள்ளுகிறார்கள். நானாக இருந்தால் விதி எண் நான்கு என்றிருப்பேன். அவர்களும் கேட்டிருப்பார்கள், ஆனால் சிரித்திருக்க மாட்டார்கள். விதி அவள் வாயில் வேடிக்கையாகப் பிறக்கிறது, என் வாயில் விதியாகவே செத்துப்போகிறது.

எலுமிச்சம்பழத்திலும் அப்படித்தான் நடந்தது. காலையில் வெளிக் கதவருகே லாரியிலிருந்து இயந்திரம் இறங்கியதும், காஜா பாயின் ஆள் தங்கமாரி சட்டைப் பையிலிருந்து பழத்தை எடுத்தான். முப்பது வயதிருக்கும், விருதுநகர்ப் பக்கம். "சக்கரத்துல வச்சு நசுக்காம உள்ள தள்ளக் கூடாது மேடம்" என்றான். கூடாது, கூடவே கூடாது, சாறும் விதையும் சக்கரத்தில் ஒட்டினால் என்ன ஆகும் தெரியுமா என்று நான் வாய் திறப்பதற்குள் அவள், "வெளிய வச்சு நசுக்குப்பா. அப்புறம் நான் துடைச்சுக்கிடுதேன்" என்றாள். நசுங்கிய பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து நாலு சக்கரத்தையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் முக்காடிட்டு முழங்காலில் நிற்கிறவள், எலுமிச்சைச் சாறு வழிந்த இரும்புச் சக்கரத்தின் முன்னாலும் அதே முழங்காலில் நின்றாள். தங்கமாரி அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. பயந்து பார்த்திருக்கிறார்கள், மதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பார்வை வேறு. நான் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை, ஆனாலும் இருந்தேன், துணி கொண்டுவந்து கொடுத்தேன்கூட. மூன்றாவது துணியை நான்தான் கொடுத்தேன்.

உள்ளே வந்தாகிவிட்டது. காற்றுப் பொழிவில் இரண்டு கையையும் தூக்கிச் சுற்றி நின்று, பொடியெல்லாம் உதிர்த்து, ஒவ்வொருவராக வந்துவிட்டோம். தலைக்கு மேலிருந்து காற்று இறங்குகிறது, எந்நேரமும் இறங்குகிறது, துளையிட்ட தரைப் பலகைகள் வழியே கீழே போகிறது. நாங்கள் நடப்பது தரை அல்ல. தரைக்கு முழங்கால் உயரம் மேலே, இரும்புத் தாங்குகால்களின் மேல் பொருத்திய அலுமினியப் பலகைகள். கீழே இருட்டு, குழாய்கள், காற்று. வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைத் தரை என்றே நம்பி நடக்கிறார்கள். நம்பலாம். ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கால் இருக்கிறது. ஒரு மூலைக்கு இல்லை. அதை நான் இப்போதே சொல்லிவிட வேண்டும், மனசுக்குள்ளாவது. இயந்திரம் போகப்போகும் வழியில், வலப்பக்க வரிசையில், வாசலிலிருந்து எண்ணினால் பதினேழாவது பலகையின் வலது மூலையில் கால் இல்லை. ஒன்பது வருஷமாக இல்லை. எடுக்கச் சொன்னது நான். பார்வையிடும் குழு வருவதற்கு முந்தின நாள் வெற்றிடத்தில் உலோகம் பூசும் என் பழைய சேம்பருக்குக் குளிர்நீர் கொண்டுபோகும் குழாய் ஒழுகியது, புதுக் குழாய் போட வழியில் அந்தக் கால் நின்றது, குழாய்க்காரர் என்னைப் பார்த்தார், எடுத்துடுங்க, அப்புறம் போட்டுக்கலாம் என்றேன். அப்புறம் போடவில்லை. அறையின் வரைபடத்தில், மாற்றம் எதுவும் இல்லை என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. மனிதர்கள் நடந்தால் ஒன்றும் ஆகாது. லேசாக டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என் கால் மட்டும் அதை மிதிக்காமல் ஒன்பது வருஷம் ஒதுங்கிப் போனது. புது இயந்திரத்துக்கு முதலில் போட்ட வழி இடது சுவரோரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகிர்தா வழியை மாற்றினாள், இடது பக்கம் காற்றுக் குழாய் இடிக்கிறது என்று, சரியாகத்தான் மாற்றினாள், என் கையெழுத்துள்ள வரைபடத்தை விரித்து ஒவ்வொரு காலாக எண்ணி, பாரத்தைக் கணக்குப் போட்டு, "சரியா இருக்காக்கா?" என்று என்னிடம் நீட்டினாள். பார்த்தேன். பதினேழுக்குக் கீழே ஒரு கறுப்புப் புள்ளி, கால் இருப்பதாக. தலையாட்டினேன். அன்றைக்கு வெள்ளி, இன்றைக்குத் திங்கள்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை காலையில் போனை எடுத்துவிட்டேன், எண்கூட அழுத்தினேன், அவள் எடுத்து "சொல்லுங்கக்கா" என்றாள், பின்னால் அவள் வீட்டில் யாரோ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், திங்கள்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டேன், எட்டரை என்றாள், வைத்துவிட்டேன். எட்டரை என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வது? உன் கணக்கு சரி, என் கையெழுத்துத்தான் பொய் என்றா? அவள் உடனே, ஐயோ அதுக்கென்னக்கா, வேற வழி போடுவோம் என்பாள். அந்த அதுக்கென்னக்காவைத் தாங்க முடியாது என்றுதான் போனை வைத்தேனோ. அவள் ஒரே ஒரு தடவை சின்னத்தனமாக ஏதாவது செய்திருந்தால், பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை என் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசியிருந்தால், நான் பிழைத்திருப்பேன். வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து மாற்றலாகி வந்தபோதே வேலையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தாள், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இந்த இயந்திரத்துக்கு ஜெர்மனியில் ஆறு வாரப் பயிற்சி என்று வந்தபோது டைரக்டர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் ரிடையராகப் போறவங்களை அனுப்பி என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க சௌந்தரம்" என்றார். நானே சொன்னேன். சுகிர்தாவை அனுப்புங்க சார். அந்த வாக்கியத்தை அவ்வளவு அழகாகச் சொன்னேன், அவர் எழுந்து கைகொடுத்தார். அவள் அங்கிருந்து ஒரு படம் அனுப்பினாள், தொழிற்சாலையில் இந்த இயந்திரத்தின் பக்கவாட்டில் கையை வைத்து நிற்கிறாள், ஒரு குதிரையைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ன தேடினேன்? கர்வம் தேடினேன். கிடைக்கவில்லை. கம்பளிச் சால்வை ஒன்று வாங்கிவந்து கொடுத்தாள், சென்னையில் எதற்கு, ஏசிக்குள்ளே போட்டுக்கிடுங்கக்கா என்றாள், பீரோவில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. அவள் ஊரில் இல்லாத அந்த ஆறு வாரத்தில்தான் என் பழைய சேம்பரைக் கழற்றி எடுத்துப்போனார்கள். கண்ணாடிச் சன்னலில் ஊதாப்பூ நிறத்தில் ஒளி எரியும், இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க" என்கிறாள் இப்போது. காற்றுச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்துகிறாள், ஆனால் கத்தவில்லை. "ஆயிரத்து எண்ணூத்தம்பது கிலோ. மேல்பாரம் ஜாஸ்தி, சரிஞ்சா நிக்காது. நகத்துறதுக்கு ஒரே குரல்தான், என் குரல். நிப்பாட்டுறதுக்கு மட்டும் யாரு வேணா சொல்லலாம். ஏன்னு கேக்கப்பிடாது. நில்லுன்னா கையை எடுத்திரணும்." காஜா பாய், "ஊட்லயும் இதே ரூல்தான் மேடம்" என்கிறார். "அதான் பாய் நீங்க இன்னும் நல்லாயிருக்கியோ." மறுபடி சிரிப்பு. எனக்குக் கொடுத்திருக்கும் இடம் வலது முன் மூலை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கூட நடக்க வேண்டும். என் பக்கத்தில், சக்கரத்தைத் திருப்பும் கம்பியைப் பிடித்துக் குனிந்தபடி, தங்கமாரி. பலகைகளின் மேல் தடித்த அலுமினியத் தகடுகள் விரித்திருக்கிறோம், பாரம் பரவுவதற்காக. மூன்று தகடுதான் உண்டு, இயந்திரம் தாண்டியதும் பின்னாலிருக்கும் தகட்டை எடுத்து, துடைத்து, முன்னால் போட வேண்டும். நானூற்று அறுபது கிலோ ஒரு சக்கரத்துக்கு. தகடு பரத்திக் கொடுக்கும். கொடுக்கலாம். ஒரு கால் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கால்கள் தாங்கிவிடலாம். இந்தக் கணக்கை நேற்றெல்லாம் போட்டேன், காலண்டர் தாளின் பின்பக்கத்தில், ஒரு தடவை தாங்கும் என்று வந்தது, ஒரு தடவை தாங்காது என்று வந்தது, தாங்கும் என்று வந்த தாளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம்... கொஞ்சம்... அப்படியே." நகர்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருவம், சத்தமில்லாமல், பூப்போட்ட தேர் மாதிரியெல்லாம் இல்லை, ஒரு வீட்டின் சுவர் தானாக நடப்பது மாதிரி. ஒன்று. இரண்டு. பலகைகளை எண்ணுகிறேன். அதன் உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு எஃகு. ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லில் தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசாக வெள்ளியைப் பூச வேண்டுமென்றால் முதலில் அதைச் சுற்றி ஒன்றுமில்லாமல் ஆக்க வேண்டும், காற்று போக வேண்டும், காற்றிலுள்ள நீர் போக வேண்டும், பம்புகள் ராவும் பகலும் இழுக்க வேண்டும், உள்ளே யாராவது கையுறையில்லாமல் ஒரு விரலை வைத்திருந்தால் போதும், அந்த ரேகையின் எண்ணெய் நாள்கணக்கில் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், அழுத்த மானி இறங்காது, எங்கே கசிகிறது எங்கே கசிகிறது என்று தேடுவோம், எங்கேயும் கசியாது, உள்ளிருந்தே வந்துகொண்டிருக்கும். ஐந்து. ஆறு. கல்லூரியில் வனஜாட்சி என்று ஒருத்தி. பௌதிக நோட்டை இரவல் கேட்டாள், கொடுத்தேன், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு தாள், ஒளி வளையங்கள் பற்றியது. திருப்பித் தரும்போது, நடுவுல ஒரு பக்கம் இல்லையே சௌந்தரா என்றாள். பைண்டிங் அப்படி என்றேன். அவளுக்குத்தான் தங்கப் பதக்கம். அந்தக் கேள்வி பரீட்சையில் வரவேயில்லை. வந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது என்றா நினைத்தேன்? நாற்பது வருஷமாக அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்று அவ்வப்போது தேடுகிறேன், அது கிடைத்தால் அனுப்பிவிடுவேன் என்பது போல. "நில்லுங்க. தகடு மாத்தணும்." நிற்கிறது.

பின்தகட்டை இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள். சுகிர்தா தானே குனிந்து துடைக்கிறாள். குனிந்தால் நிமிர முடிகிற முதுகு. ஐம்பத்தொன்று ஆகிறது, எனக்கு ஐம்பத்தொன்பது, இந்த எட்டு வருஷத்துக்குள் என்னவெல்லாம் போய்விடுகிறது. பழகிய சாவிக்கொத்து போகிறது, இந்த அறையின் வாசனை, வாசனையே இல்லாத இந்த வாசனை போகிறது. அடுத்த வருஷம் இந்நேரம் நான் எங்கே இருப்பேன், சமையலறையில் பருப்பைக் களைந்துகொண்டு, தலைமுடியை விரித்துக்கொண்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லட்சம் தூசி என்னிலிருந்து உதிர்கிறது என்று யாரும் கேட்காத இடத்தில். அவள் அப்போதும் இங்கே. ஒன்பது. பத்து. பதினொன்று. எங்கேயோ ஒரு சின்னச் சாய்வு, சரி செய்கிறார்கள், "வலது, தங்கமாரி, நூல் அளவு வலது." "ஆச்சு மேடம்." அவன் கழுத்து வியர்த்து அங்கி ஒட்டியிருக்கிறது. குந்திக் குந்தியே நகர்கிறான். அவன் கால்கள் சக்கரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன. சரிந்தால் இந்தப் பக்கம்தான் சரியும். வலது முன் சக்கரம் இறங்கினால் வலது முன் மூலைதான். இது எனக்குத் தெரியும், இதை நான் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் நான் அவனை நினைத்து எதையும் செய்யவில்லை, நினைத்ததெல்லாம் வேறு. முதல் நாளே அவள் இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும், டைரக்டர் வந்து பார்க்க வேண்டும், அவள் அந்தக் கண்களோடு நிற்க வேண்டும், நான் போய் அவள் தோளில் கைவைக்க வேண்டும். அதுக்கென்ன சுகிர்தா என்று நான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் தங்கமாரி இல்லை. அதை வரைந்தபோது அவனுக்கு இடம் விடவில்லை. பன்னிரண்டு. பதிமூன்று.

கடைசித் தகடு மாற்றம். இந்தத் தகடு பதினேழிலிருந்து இருபது வரை மூடும். தங்கமாரி அதை இறக்கிவைத்துவிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அதன்மேல் ஏறி நடந்து பார்க்கிறான். டக். நின்றுவிட்டான். முன்னும் பின்னும் கால் மாற்றிப் போடுகிறான். டக். டக். என் பக்கம் திரும்பி, "மேடம், இந்த எடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரி வருதே?" என்கிறான். மற்றவர்கள் பின்னால், பிளாஸ்டிக் கிழிந்த இடத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் என்னிடம்தான் கேட்கிறான், என்னிடம் மட்டும்தான். இந்த அறை எனக்குத் தெரியும் என்பதால் கேட்கிறான். அவன் கண்களும் நல்ல கண்கள்தான், இமையில் ஒரு பொட்டு வியர்வை. எவ்வளவு சுலபம். ஆமாப்பா என்றால் போதும். "அது அப்படித்தான் இருக்கும்" என்கிறேன். "சரிங்க மேடம்" என்கிறான். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு மறுபடி குந்தி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறான், என்னை நம்பி, என் இருபத்தாறு வருஷத்தை நம்பி. எனக்குக் காது அடைக்கிறது. மேலிருந்து இறங்கும் காற்றெல்லாம் என் தலைக்குள் இறங்குகிறது. "ரெடியா? கொஞ்சம்... கொஞ்சம்..." பதினான்கு. அவள் குரலில் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, கரை தெரிந்தவர்களின் குரல். அந்தச் சந்தோஷத்தைக் கேட்காமலிருந்தால் முன்னமே சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது, அதுவும் பொய், எத்தனை முன்னமே இருந்தது, சனியும் ஞாயிறும் முழுவதும் முன்னமே. பதினைந்து. காலண்டர் தாளில் தாங்கும் என்று வந்தது. அதில் நான் பலகையின் பலத்தைக் கூட்டிப் போட்டிருந்தேன், தெரிந்தே போட்டேன். தங்கமாரியின் இடது கை தகட்டின் ஓரத்தில் ஊன்றியிருக்கிறது, கையுறைக்குள் ஐந்து விரல். பதினாறு.

"நில்லுங்க." எனக்கே கேட்கவில்லை. "நில்லுங்க! நிறுத்துங்க!" எல்லோர் கையும் ஒரே நொடியில் இயந்திரத்தை விட்டு விலகுகிறது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் விதி, அவள் சிரிப்பாகச் சொல்லி அவர்கள் உடம்பில் ஏற்றிய விதி. சக்கரம் பதினாறின் நடுவில் நிற்கிறது. சுகிர்தா சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறாள். மூன்று நாளாக வைத்திருந்த வாக்கியம் தொண்டைவரை வந்து, வாயைத் தாண்டும்போது வேறு உடையில் வந்தது. "பலகை சத்தம் சரியில்ல. என் காதுல என்னமோ வித்தியாசமாக் கேட்டுச்சு" என்றேன். இவ்வளவு அவசரத்திலும் எனக்கு ஒரு பொய் செய்ய நேரமிருந்தது. அவள் மறுபேச்சில்லாமல், "பாய், சக்கரத்துக்குக் கட்டை குடுங்க. தகடை எடுங்க. பதினேழைத் தூக்கிப் பாத்துருவோம்" என்றாள். உறிஞ்சும் கைப்பிடியை ஒட்டிப் பலகையைத் தூக்கினார்கள். அவள் வயிற்றின்மேல் குப்புறப் படுத்து டார்ச்சோடு தலையை உள்ளே விட்டாள். அப்போதுதான் எனக்கு அட்டை ஞாபகம் வந்தது. தரைக்குக் கீழே யார் எதை மாற்றினாலும் தேதியும் பெயரும் எழுதி ஒரு மஞ்சள் அட்டையை அந்தக் குழாயில் கட்டிவிட வேண்டும் என்று இந்த அறையில் ஒரு முறை உண்டு, நான் கொண்டுவந்த முறை, அன்றைக்கும் கட்டினேன், வரைபடத்தில் பொய் எழுதிய அதே கையால் கீழே இருட்டில் உண்மையை எழுதிக் கட்டிவைத்தேன்: தாங்குகால் ஒன்று நீக்கப்பட்டது, சௌந்தரம். டார்ச் வெளிச்சம் ஓர் இடத்தில் நின்றது. ஒரு அட்டையைப் படிக்க எவ்வளவு நேரமாகும், அதைவிடக் கூடுதலாக நின்றது. பிறகு எழுந்தாள். "ஒரு கால் இல்ல பாய். நல்ல வேளை, அக்கா காதுல விழுந்துச்சு" என்றாள்.

"யா அல்லா" என்றார் காஜா பாய். "மேடம், உங்க காதுக்கு கம்மல் வாங்கிப் போடணும் மேடம். டேய் தங்கமாரி, கும்புட்டுக்கடா. இன்னிக்கு உன் காலு ரெண்டும் மேடம் குடுத்தது." தங்கமாரி எழுந்து நின்று கையுறைக் கைகளைக் குவித்தான். குவித்தவன் கொஞ்சம் யோசித்து, குற்றமாக இல்லை, வெறும் ஞாபகமாக, "நானும் அப்பவே கேட்டேன்ல மேடம், அப்படித்தான் இருக்கும்னீங்களே" என்றான். நான் பேசுவதற்குள் அவள் பேசினாள். "ஃபேன் சத்தத்துல அப்ப சரியாக் கேட்டிருக்காதுப்பா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்களில் எதுவுமே இல்லை, கேள்வியில்லை, பழியில்லை, ஒரு கதவை மெதுவாகச் சாத்திக்கொடுப்பது போல ஒரு மென்மை மட்டும் இருந்தது. அட்டையைப் படித்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு என் பொய்யைத் தன் வாயால் தாங்கிப் பிடிக்கிறாள், என்னிடம் கேட்காமலேயே, இனி ஒருநாளும் யாரிடமும் சொல்ல மாட்டாள், நான் ரிடையராகும் நாளில் மேடையேறி சௌந்தரம் அக்காவோட காது என்று இந்தக் கதையைச் சொன்னாலும் சொல்வாள், கண் கலங்கச் சொல்வாள், நான் மாலையோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். பயணத்தை எடுத்துக்கொண்டாய், இயந்திரத்தை எடுத்துக்கொண்டாய், இந்த அறை, இந்த ஆட்களின் சிரிப்பு, எல்லாம் எடுத்துக்கொண்டாய், இப்போது என்னை மன்னிக்கிற பெருமையையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாய். இதை மட்டும் தர மாட்டேன். மனசாட்சி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது மனசாட்சி இல்லை, அது வெறும் வயிற்றெரிச்சல், அடிவயிற்றிலிருந்து கிளம்பி முகமூடியைத் தாண்டிக்கொண்டு வந்தது.

"அந்தக் காலை எடுத்தது நான்தான்" என்றேன். காற்று இறங்கிக்கொண்டிருந்தது. "ஒன்பது வருஷம் முன்னால. வரைபடத்துல மறைச்சதும் நான்தான். வெள்ளிக்கிழமை நீ வழியை மாத்தினப்பவே எனக்குத் தெரியும். இவன் கேட்டப்பவும் அந்தச் சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு." காஜா பாய், "இன்னா மேடம் இது" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். குவித்திருந்த தங்கமாரியின் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் பிரிந்து பக்கவாட்டில் தொங்கின. அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். "வெள்ளிக்கிழமையேவா?" என்றாள் சுகிர்தா. ஆமாம் என்றேன். அவள் கண்கள் மாறுவதைப் பார்த்தேன். ஓரங்கள் சுருங்கி, உள்ளே ஏதோ கெட்டியாகி, வெண்விழியில் சிவப்பு ஏறி, முதல்முறையாக அவை நல்ல கண்களாக இல்லை. அதைப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று ஆறியது, இத்தனைக்கு நடுவிலும் ஆறியது. அவள் திரும்பி, "பாய், மெஷினை ரெண்டு பலகை பின்னாடி எடுத்துருவோம். ஸ்டோர்ல தாங்குகால் இருக்கும், ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க. நான் போட்டுப் பாத்த பிறகுதான் நகத்தணும்" என்றாள். குரல் அப்படியேதான் இருந்தது, ஒரு நூல்கூட நடுங்கவில்லை. பிறகு என்னிடம் வந்தாள், மற்றவர்களுக்குக் கேட்காத அளவுக்கு அருகில் வந்தாள், முகமூடித் துணி அவள் மூச்சில் உள்ளே போய் வெளியே வந்தது. "நீங்க வெளிய போங்க" என்றாள். போகத் திரும்பினேன். "அந்த தங்கமாரிக்கு ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்க. சின்னதுக்கு இப்பதான் எட்டு மாசம். தெரியுமா உங்களுக்கு?" காலையிலிருந்து அவன் பக்கத்தில் நடந்தேன். அவன் அங்கியின் அளவு தெரியும், உறையின் அளவு தெரியும், சக்கரத்துக்கும் அவன் பாதத்துக்கும் எத்தனை விரற்கடை என்று தெரியும். "தெரியாது" என்றேன். அதுவும் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.